சிவில் பாதுகாப்புக் குழுவில் ஊர் ஏன் பேசுவதில்லை?

வடக்கில் வாள்வெட்டு நடக்கும்போதெல்லாம் சிவில் பாதுகாப்புக் குழுக்களைப் பலப்படுத்தப்போவதாகச் சொல்கிறார்கள். பொலிஸாரும் கிராம அலுவலரும் பிரதேச சபையும் ஒன்றாக இயங்குவது அவசியந்தான். இருண்ட ஒழுங்கைக்கு விளக்குப் போடுவது சபை. பள்ளியை விட்டு நின்ற பிள்ளையை அறிந்தவர் கிராம அலுவலர்.

ஆனால் தகவல் தரவேண்டிய மக்கள் 'தலையாட்டி'களைக் கண்டவர்கள். 2016 ஒக்டோபரில் குளப்பிட்டியில் பொலிஸ் சூட்டுச் சம்பவத்தில் பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்ததை மறக்காதவர்கள். 1987இன் 13ஆவது திருத்தம் மாகாணங்களுக்குக் கொடுத்த பொலிஸ் அதிகாரம் இன்னும் கடதாசியில்தான் இருக்கிறது.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. கூட்டங்கள் பொலிஸ் நிலையத்தில் அல்லாமல் பிரதேச செயலகத்தில் நடக்கட்டும். முறைப்பாடு தமிழில் பதியப்பட வேண்டும். சொன்னவரின் பெயர் வெளியே போகக்கூடாது. எடுத்த நடவடிக்கையை அடுத்த கூட்டத்தில் அறிவிக்க வேண்டும். சொன்னதால் தனக்கு ஆபத்தில்லை என்று தெரிந்தால்தான் ஊர் பேசும்.