மிருதங்கத்துக்கு இடம் எங்கே?

கம்ப்யூட்டரில் தாளம் வாசிக்க ஆசையா? காசு செலவு இல்லை. இலவச சாப்ட்வேர்கள் பல உண்டு. எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

மின்சார வாத்தியமும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் முறைக்கு "மிடி" என்று பெயர். 1983-ம் ஆண்டில் வந்தது. அதில் ஒலி கிடையாது. வெறும் கட்டளைதான்! "38-ம் எண்ணை அடி, இவ்வளவு பலமாக அடி" என்று சொல்லும். ஒலி கொடுப்பது சாப்ட்வேரின் வேலை.

எந்த எண்ணுக்கு எந்த ஒலி? 1991-ம் ஆண்டில் ஒரு பொதுப் பட்டியல் போட்டார்கள். அதில் 47 தாள ஒலிகள். பாங்கோ உண்டு; காங்கா உண்டு. மிருதங்கம் இல்லை! தவில் இல்லை! பறையும் இல்லை!

ஆகவே, "எத்தனை ஒலி தருகிறது?" என்று பார்ப்பது தவறு. "நாம் பதிவு செய்த ஒலியைச் சேர்க்க விடுகிறதா?" என்று பார்ப்பதே சரி.

இன்னொன்றும் உண்டு. மிருதங்கத்தை மெல்லத் தட்டினால் ஒரு நாதம். ஓங்கித் தட்டினால் வேறு நாதம். ஒரே பதிவின் சத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் அதில் உயிர் இராது. "தோம்" என்ற சொல்லை மெல்லவும் பலமாகவும் வாசித்துப் பதிவு செய்து, அடுக்கடுக்காக வைக்க வசதி வேண்டும்.

"ஹைட்ரஜன்" என்ற இலவச சாப்ட்வேரில் இந்த இரண்டும் உண்டு. லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். நண்பருக்கும் பிரதி கொடுக்கலாம், குற்றம் இல்லை.

வீட்டில் மிருதங்கம் இருக்கிறது. வாசிக்கக் கை இருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லை என்று பாங்கோவைத் தேடிப் போவானேன்?