சாதனைக் குதிரையும் சம்பளக் காசும்



தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் சந்தா, டிஸ்பென்சரி, லயன் கூரை என்று எல்லாம் பேசி முடிந்து பிளேன்டீ வரும் நேரத்தில் இளைஞர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சேர், ரெக்கோர்ட் உடைச்ச குதிரை திரும்ப ஓடுது. போடலாமா?" நாங்கள் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறவர்கள் என்பதால் எங்களிடம் கேட்கிறார்கள். தொழிற்சங்கப் பத்திரிகையில் குதிரையைப் பற்றி எழுதுவதா என்று சில மூத்த தோழர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் டவுனில் ரேஸ் புக்கி இருக்கிறது. சம்பள நாளிலும் அட்வான்ஸ் நாளிலும் அதன் வாசலில் நிற்பவர்களில் நம்முடைய ஆட்களும் இருக்கிறார்கள். 1000 ரூபா நாட்சம்பளம் கேட்டு எத்தனை வருடம் கொடி பிடித்தோம், எத்தனை நாள் வேலைக்கு இறங்காமல் ரோட்டில் உட்கார்ந்தோம்! 2021இல்தான் அது சம்பள நிர்ணய சபை மூலம் கைக்கு வந்தது. அந்த ஆயிரம் ஒரு துண்டுக் காகிதமாக மாறி ஐந்து நிமிடத்தில் குப்பைக் கூடைக்குப் போகிறதென்றால் அதைப் பற்றிப் பேசவும் சங்கத்துக்கு உரிமை இருக்கிறது.

நேராகவே சொல்லிவிடுகிறோம். போடக் கூடாது என்பதுதான் எங்கள் அபிப்பிராயம். சாதனை படைத்தது மட்டமான குதிரை என்பதற்காக அல்ல. அது நல்ல குதிரைதான். ஆனால் அது உங்களுக்கு மட்டும் தெரிந்த இரகசியம் இல்லையே. ரேஸ் பேப்பர் வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும், புக்கிக்காரருக்கு எல்லோருக்கும் முந்தியே தெரியும். அதனால் அடுத்த ரேஸில் அதற்குக் கொடுக்கும் ஒட்ஸ் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். குதிரை போன தடவை ஓடிய ஓட்டத்துக்கான விலையை நீங்கள் இந்தத் தடவை கட்டுகிறீர்கள்.

நம்மவர்கள் அதிகம் போடுவது பிரித்தானிய ரேஸுக்கு. கோடை காலத்தில் அங்கே பகல் 2 மணி என்றால் இங்கே மாலை 6.30. மலையில் வேலை முடித்து, முகம் கழுவிக்கொண்டு டவுனுக்கு இறங்கத் தோதான நேரம். ஆகவே உதாரணத்தையும் அங்கிருந்தே எடுப்போம்.

2010 ஜூன் மாதம் எப்சம் டேர்பியில் வேர்க்போஸ் என்ற மூன்று வயதுக் குதிரை ஏழு குதிரை நீளத்தில் வென்றது. நேரம் 2 நிமிடம் 31.33 செக்கன். 1995இல் லம்தாரா என்ற குதிரை வைத்திருந்த டேர்பி சாதனையை ஏறத்தாழ ஒரு செக்கனால் உடைத்துவிட்டது. ஏழு வாரம் கழித்து, ஜூலை 24ஆம் திகதி, அஸ்கொட் மைதானத்தில் கிங் ஜோர்ஜ் பந்தயம். ஓடியது ஆறே ஆறு குதிரை. வேர்க்போஸ் பேவரிட், ஒட்ஸ் பதினொன்றுக்கு எட்டு. அதாவது 1100 ரூபா போட்டு வென்றால் இலாபம் 800 ரூபா. சேர் மைக்கல் ஸ்டவுட் என்ற அதே பயிற்சியாளரின் தொழுவத்தில் இருந்து ஹாபிஞ்ஜர் என்ற இன்னொரு குதிரையும் அதே பந்தயத்தில் ஓடியது. தொழுவத்தின் ஜொக்கி ரையன் மூர் பிரித்தானியாவின் சம்பியன் ஜொக்கியாக இருந்தவர். இரண்டு குதிரையின் மூச்சும் நடையும் அவருக்கு அத்துப்படி. அவர் ஏறியது வேர்க்போஸில்.

முடிவு என்ன? ஹாபிஞ்ஜர் 11 குதிரை நீளத்தில் வென்றது. வேர்க்போஸ் ஆறில் ஐந்தாவது. குதிரையின் முதுகில் ஏறி உட்காருகிறவருக்கே பிடிபடாதது, ரேஸ் பேப்பரில் ஒரு வரி வாசித்துவிட்டுத் துண்டு எழுதுகிற நமக்கா பிடிபடப் போகிறது?

சரி, அப்படியானால் அடுத்ததற்கு ஹாபிஞ்ஜருக்குப் போடலாம் என்று நினைத்தவர்கள் பலர். அதுவும் சாதனை படைத்த குதிரைதானே. அன்று அது ஓடிய 2 நிமிடம் 26.78 செக்கன், அந்த மைதானத்தின் பழைய சாதனையை முறியடித்த நேரம். ஒக்டோபரில் பாரிஸில் நடக்கும் ஆர்க் பந்தயத்துக்கு அதுவே பேவரிட் ஆனது. ஓகஸ்ட் மாதம் பயிற்சி ஓட்டத்தில் அதன் கால் எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அது எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. பல வாரத்துக்கு முன்பே போட்டு வைக்கிற பந்தயத்தில் குதிரை ஓடாவிட்டால் காசு திரும்பாது. அது அந்தத் தொழிலின் சட்டம். அந்த ஆர்க் பந்தயத்தை வென்றது எது தெரியுமா? அஸ்கொட்டில் கவிழ்ந்த வேர்க்போஸ். எல்லோரும் கைவிட்டுவிட்டதால் ஒட்ஸ் ஒன்றுக்கு ஆறு ஆகியிருந்தது. அடுத்த வருடம் அதே வேர்க்போஸ் மறுபடி கிங் ஜோர்ஜில் ஓடி இரண்டாவதாக வந்தது.

ஹாபிஞ்ஜர் முறியடித்த அந்தப் பழைய சாதனையின் கதையும் இதே மாதிரிதான். 1975இல் அதே பந்தயத்தில் கிரண்டி என்ற குதிரை வைத்தது அது. பஸ்டினோ என்ற குதிரையின் தரப்பினர், ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டுவதற்கென்றே வேறு இரண்டு குதிரைகளை முன்னால் ஓடவிட்டார்கள். கடைசி நேரத்தில் கிரண்டியும் பஸ்டினோவும் தோளோடு தோள் முட்டி ஓடி, கிரண்டி அரை நீளத்தில் வென்றது. நூற்றாண்டின் பந்தயம் என்று இன்றும் சொல்கிறார்கள். மூன்றாவது வந்தது டாலியா என்ற பெண் குதிரை. அடுத்த மாதம் யோர்க் மைதானத்தில் கிரண்டி மறுபடி ஓடியது. பெரிய பேவரிட். வென்றது டாலியா, கிரண்டி நாலாவது. கிரண்டியும் பஸ்டினோவும் அதற்குப் பிறகு எந்தப் பந்தயமும் ஓடவில்லை. பஸ்டினோ அந்த அஸ்கொட் ஓட்டத்தோடேயே முடிந்துவிட்டது.

நாலு குதிரையை வைத்துச் சட்டம் எழுத முடியாது என்று யாராவது கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். லம்தாரா டேர்பி சாதனைக்குப் பிறகு ஓடிய இரண்டு பந்தயத்தையும் வென்று, ஒருமுறைகூடத் தோற்காமல் ஓய்வு பெற்றது. பிரங்கல் என்ற குதிரை ஓடிய 14 பந்தயத்திலும் வென்றது. ஆனால் 2012இல் சசெக்ஸ் பந்தயத்தில் பிரங்கலின் ஒட்ஸ் இருபதுக்கு ஒன்று. 1000 ரூபா போட்டவருக்கு இலாபம் 50 ரூபா. டவுனுக்குப் போய்வர பஸ் காசுக்குக் காணுமா?

இந்த இடத்தில்தான் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1973இல் செக்ரட்டேரியட் என்ற குதிரை பெல்மொன்ட் பந்தயத்தை 31 குதிரை நீளத்தில் வென்றது. ஒன்றரை மைலுக்கு 2 நிமிடம் 24 செக்கன். அரை நூற்றாண்டு தாண்டியும் அந்தப் பந்தயத்தில் அந்த நேரத்தை யாரும் தொடவில்லை. அன்று 2 டொலர் போட்டவருக்குக் கிடைத்தது 2 டொலர் 20 சதம். வென்ற டிக்கட்டுகளில் 5617ஐ அந்தக் காசையும் வாங்காமல் ஞாபகார்த்தமாக வைத்துக்கொண்டார்கள். அது அவர்கள் வசதி.

அதற்குப் பிறகு செக்ரட்டேரியட் ஆறு பந்தயம் ஓடியது. ஆறிலும் பேவரிட். ஒவ்வொன்றுக்கும் 1000 ரூபா போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? முதலாவதில் வெற்றி, இலாபம் 50 ரூபா. இரண்டாவது சரட்டோகா மைதானத்தில். அங்கே அதைத் தோற்கடித்த குதிரையின் பெயர் அனியன், தமிழில் வெங்காயம். செக்ரட்டேரியட்டுக்குக் கிருமித் தொற்று இருந்தது பிறகுதான் வெளியில் தெரிந்தது. ஆயிரம் போயிற்று. மூன்றாவதில் இன்னொரு சாதனையோடு வெற்றி, 400 ரூபா. உடனே நாலாவதில் தோல்வி. மழை பெய்து தரை சேறாகிவிட்டதால் ஓட வேண்டிய வேறு குதிரையை நிறுத்திவிட்டு இதை இறக்கிய பந்தயம் அது. இன்னோர் ஆயிரம் போயிற்று. ஐந்தாவதில் 500, ஆறாவதில் 200. கூட்டிப் பாருங்கள். நாலு வெற்றியில் வந்தது 1150 ரூபா, இரண்டு தோல்வியில் போனது 2000 ரூபா. நட்டம் 850.

உலகத்திலேயே சிறந்த குதிரை என்று பலர் சொல்லும் குதிரை. ஆறில் நாலு வென்றது. அதற்கே காசு போட்டவர் கையில் நட்டம். ஆறில் நாலு வெல்லும் குதிரையில் நட்டமில்லாமல் தப்பவே ஒவ்வொரு வெற்றிக்கும் ஆயிரத்துக்கு 500 ரூபா கிடைக்க வேண்டும். பேர் பெற்ற குதிரைக்கு எந்தப் புக்கிக்காரரும் அந்த விலை கொடுப்பதில்லை, கொடுத்தால் அவர் கடையை மூட வேண்டிவரும்.

சின்ன ஒட்ஸ் குதிரை மூன்றைச் சேர்த்து ட்ரெபல் எழுதினால் காசு பெருகும் என்பது இளைஞர்களின் பதில். பெருகும், மூன்றும் வந்தால். ஒவ்வொன்றும் மூன்றுக்கு இரண்டு தடவை வெல்லும் குதிரையாகவே இருக்கட்டும். மூன்றும் ஒன்றாக வருவது 27 தடவையில் 8 தடவைதான். தரம் 8 பிள்ளை பின்னக் கணக்கில் போட்டுக் காட்டும். ஒவ்வொரு குதிரைக்கும் புக்கி கொஞ்சம் குறைத்துத் தருகிற விலை, மூன்றைச் சேர்க்கும்போது மூன்று மடங்காகக் குறைகிறது.

சாதனை ஏன் அடுத்த நாளுக்கு நிற்பதில்லை என்பது கொழுந்து எடுக்கிற நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை பெய்து வெயில் எறித்த கிழமையில், நல்ல மலையில், கொழுந்து தள்ளி நிற்கும்போது ஒரு அக்கா 40 கிலோ நிறுக்கிறார். அவருடைய கை வேகம் உண்மை. அன்றைய மலையும் வெயிலும் சேர்ந்ததும் உண்மை. அடுத்த மாதம் வரட்சியில், வாதுக்குப் போன தேயிலையில் அதே அக்கா 15 கிலோவுக்குத் திண்டாடுகிறார். குதிரையும் அப்படித்தான். காய்ந்த தரை, முன்னால் வேகமாக ஓடிக்கொடுத்த குதிரை, காற்றில்லாத பகல், உடம்பில் நோவில்லாத காலை, எல்லாம் ஒன்றாகக் கூடிய நாளில்தான் சாதனை விழுகிறது. அதோடு, சாதனை ஓட்டம் உடம்பை உறிஞ்சி எடுத்துவிடும், பஸ்டினோவைப் பார்த்தோமே.

பேச்சுவார்த்தை மேசையில் கம்பனிக்காரர் கொழுந்து தள்ளிய நாளின் கணக்கை நீட்டி, "இவ்வளவு எடுக்க முடிந்ததே, ஒரு பேருக்கு இனி இத்தனை கிலோ" என்று சொல்லும்போது நாம் எப்படிக் கொதிக்கிறோம்! ஒரு நல்ல நாளை வைத்து வருடம் முழுவதற்கும் அளவு போடாதே என்று மேசையைத் தட்டுகிறோம். அது நியாயமான வாதம், அதை நாம் விடப் போவதில்லை. அன்று பின்னேரமே புக்கியில் போய் ஒரு குதிரையின் ஒரு நல்ல நாளை வைத்து ஆயிரம் ரூபாவுக்குத் துண்டு எழுதுகிற தோழர், கம்பனிக்காரரின் கணக்கைத்தான் தானும் போடுகிறார்.

கூலி வேலை செய்கிறவனுக்கு ஒரு சின்ன ஆசைகூட இருக்கக் கூடாதா என்று கேட்கிறார்கள். இருக்கலாம். ஏப்ரலில் நுவரெலியா ரேஸ்கோர்ஸில் நின்று குதிரை ஓடுவதைப் பார்க்கிற சந்தோஷத்தை யாரும் குறை சொல்லவில்லை. நூறு ரூபாவை இழக்கத் தயாராக எடுத்துக்கொண்டு போகிறவரோடும் எங்களுக்குச் சண்டை இல்லை. வட்டிக்கு வாங்கிப் போடுகிறவரோடும், மனைவியின் சம்பளத்தை எடுத்துப் போடுகிறவரோடும்தான் பேச வேண்டியிருக்கிறது. மலையில் அட்டைக் கடியோடு கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சம்பளத்தை எண்ணி வாங்குகிற கை சில வீடுகளில் இன்னும் ஆணுடைய கை. பிள்ளைக்குச் சப்பாத்து இல்லை என்று பாடசாலைக்கு அனுப்பாத கிழமை எது என்று இடாப்பைப் பார்த்தால் எங்களுக்குத் தெரிகிறது. அதைப் பெயர் சொல்லி எழுத மாட்டோம்.

ஆகவே கமிட்டிகளுக்கு இரண்டு யோசனை. பெண் தொழிலாளியின் சம்பளம் அவருடைய கையிலோ அவருடைய பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலோதான் சேர வேண்டும் என்பதை அடுத்த கூட்டத்தில் மாதர் அணித் தலைவிகள் தீர்மானமாகக் கொண்டு வரட்டும். இரண்டாவது, போடுவதை நிறுத்த மனமில்லாத தோழர்களுக்கு. மூன்று மாதத்துக்கு ஒவ்வொரு துண்டையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: திகதி, குதிரை, போட்ட காசு, வந்த காசு. வந்ததை மட்டும் எழுதிப் போனதை விடக் கூடாது. மாதக் கடைசியில் கூட்டல் போட உதவி வேண்டுமானால் பாடசாலை விட்ட பிறகு வாருங்கள், 2 மணிக்குப் பிறகு நாங்கள் அங்கேதான் இருப்போம்.