கூட்டத்தின் மௌனம்

சென்ற வாரம் மயிலாப்பூர் லஸ் முனையில், மாலை நேர ஜனநெரிசலுக்கு நடுவே, கையிலிருந்த காய்கறிப் பை சிதற ஒரு முதியவர் மயங்கி விழுந்தபோது, சுற்றி நின்ற முப்பது பேரில் ஒருவரும் குனியவில்லை. அவர்களில் ஒருவனாக நானும் நின்றேன் என்பதை எண்ண இன்னமும் மனம் வேதனைப்படுகிறது.

ஆயினும் இதைக் கல்நெஞ்சம் என்று நிந்திப்பது நியாயமன்று. 1968-ல் லதானே, டார்லி என்னும் அமெரிக்க மனோதத்துவ அறிஞர்கள் ஓர் அறையில் புகையைப் பரவவிட்டுப் பரிசோதித்தபோது, தனித்திருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் எழுந்து சென்று தெரிவித்தார்கள். அசையாதிருக்கும்படி முன்னமே ஏற்பாடு செய்யப்பட்ட இருவரோடு அமர்ந்தவர்களிலோ 10 பேரே தெரிவித்தார்கள். பிறர் முகத்தின் சலனமின்மையைக் கண்டு ஆபத்தில்லையென்று ஒவ்வொருவரும் அனுமானிக்க, பொறுப்பு பலர் தோளில் பங்காகி, எவர் தோளிலும் இல்லாமற் போகிறது.

விபத்தில் உதவுவோருக்கு 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பு அளித்திருக்கிறது. அது மட்டும் போதாது. கூட்டத்தின் மயக்கத்தைக் கலைக்கும் முறையையும் நம் பள்ளிகள் அவசியம் கற்பிக்க வேண்டும்.

அன்று அதைக் கலைத்தவர் மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்த ஒரு பூக்காரம்மா. "யாராவது வாங்களேன்" என்று அவர் கூவவில்லை. "நீலச் சட்டைத் தம்பி, நீ 108-க்குப் போன் போடு, கண்ணாடி போட்ட சார், நீங்க வண்டிங்களை ஒதுக்கி விடுங்க" என்று ஆள் காட்டிச் சொன்னார். அக்கணமே எல்லோர் கைகளும் இயங்கின. ஆம்புலன்ஸ் வந்தபின், உருண்டோடிய கத்தரிக்காய்களைப் பொறுக்கிப் பையிலிட்டு, அதையும் முதியவரோடு ஏற்றிவிட்டார்.