கல் வைத்துப் பழுத்த உடம்பு வேண்டாம்!



கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தன் தம்பியுடன் என்னைப் பார்க்க வந்தான். நல்ல கட்டுமஸ்தான உடம்பு. அவன் போன் பேச வாசலுக்குப் போனதும், தம்பி என் அருகே வந்தான்.

"சார், ஜிம்முக்குப் போற ஒரு அண்ணன் ஊசி போட்டுக்கறார். மூணே மாசத்துல கையெல்லாம் உருண்டுடுச்சு. நானும் போட்டுக்கலாமா?"

அவனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்த ஊசியின் பெயர் அனபாலிக் ஸ்டீராய்டு. நம் உடம்பு தானே சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைப் போலச் செயற்கையாகச் செய்த மருந்து. சில நோய்களுக்கு டாக்டர்கள் இதை அளவோடு கொடுக்கிறார்கள். உடம்பை ஏற்ற நினைப்பவர்களோ அதைப் போலப் பல மடங்கு போட்டுக்கொள்கிறார்கள். தசை பெருகும் என்பது உண்மைதான். ஆனால் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழத்தைப் பார்த்திருப்பீர்களே? தோல் பளபளக்கும். அறுத்தால் உள்ளே வெம்பிக் கிடக்கும்!

உங்கள் எலும்புகளின் முனையில் 'வளர்ச்சித் தட்டு' என்ற குருத்தெலும்பு இருக்கிறது. அது இருக்கும்வரைதான் உயரம் கூடும். இந்த மருந்து அதைச் சீக்கிரமே இறுகச் செய்துவிடும். அதோடு உயரம் நின்றது நின்றதுதான்!

கைத்தசையோடு இதயத்தின் தசையும் தடித்துவிடும். ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் ஏறும். இளம் வயதிலேயே மாரடைப்பு வரலாம். ஈரலும் சிறுநீரகமும் கெடலாம். உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடும். பையன்களுக்கு மார்பு பெருக்கும்; பெண்களுக்குக் குரல் தடிக்கும்.

2023-ம் ஆண்டு நம் திருவள்ளூர் மாவட்டத்தில் இளம் உடற்பயிற்சியாளர் ஒருவர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். ஸ்டீராய்டு ஊசிதான் காரணம் என்று செய்தித்தாள்கள் எழுதின. 1988-ல் சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார் பென் ஜான்சன். ஸ்டீராய்டு எடுத்தது தெரிந்ததும் பதக்கம் பறிபோனது.

ஒன்றை மறக்காதீர்கள். ஆஸ்துமாவுக்கு டாக்டர் தரும் ஸ்டீராய்டு வேறு வகை. பயந்துபோய் அதை நிறுத்திவிடாதீர்கள்!

என் கருத்து இதுதான்: போட்டுக்கொள்ளும் இளைஞனைத் திட்டுவதைவிட, விற்பவரைத் தடுப்பதே முதல் வேலை. டாக்டர் சீட்டு இல்லாமல் இதை விற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. பெரியவர்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

"அப்போ உடம்பு எப்படி சார் ஏறும்?" என்றான் பையன்.

"கபடி ஆடு. தண்டால் எடு. முட்டை, சுண்டல், கடலை சாப்பிடு. நன்றாகத் தூங்கு. மூன்று மாதத்தில் வராது. மூன்று வருடத்தில் வரும். வந்தால் நிற்கும்" என்றேன்.

"சரி, அந்த ஜிம் அண்ணன் யாரப்பா?"

அவன் பதில் சொல்லவில்லை. வாசல் பக்கம் பார்த்தான்.

அண்ணனை உள்ளே அழைத்தேன். திட்டவில்லை. "வெட்கப்படாமல் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல். ரத்தப் பரிசோதனை செய்துகொள். தம்பி உன்னைப் பார்த்துத்தான் வளர்கிறான்" என்றேன். தலையாட்டினான்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் அண்ணன் இருக்கிறாரா? இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள், செல்வங்களே!