மூடியைத் திறக்க அஞ்சலாமா?

தமிழாசிரியப் பெருமக்களே! நம்மைப் பற்றிய கசப்பான உண்மையொன்றை நாமே பேசுவோம்.

பத்துமலை வட்டாரத்தில் யான் பணிபுரியும் தமிழ்ப்பள்ளியில் பழைய மடிக்கணினி ஒன்று உண்டு. அதன் சுழலும் வன்தட்டை அகற்றி, எஸ்.எஸ்.டி. எனப்படும் புதிய சேமிப்பகத்தைப் பொருத்தினோம். கணினி விரைந்தது. ஆனால் இரண்டே நாளில் அதன் அடிப்பகுதி கொதித்தது, விசிறி ஓலமிட்டது. ஆசிரியர் அறையில் உடனே தீர்ப்பும் எழுதப்பட்டது: "புதுத்தட்டு சரியில்லை, வேறு கணினி வாங்கிவிடுவோம்." அருகில் நின்ற ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "ஐயா, ஏன் சூடாகிறது?" என்று வினவினாள். "அஃது உனக்கெதற்கு, அம்மா?" என்பதே அவள் பெற்ற விடை. அவ்விடையைக் கூறியவன் யானே.

2003ஆம் ஆண்டு அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை நடைமுறைக்கு வந்தபோது, தமிழால் முடியும் என்று முழங்கியோர் நாம். அதனைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டபோது மகிழ்ந்தோரும் நாமே. மேடையில் முடியும் என்ற தமிழ், ஒரு சிறுமியின் வினாவின் முன் வாயடைத்துப் போகலாமா?

அவள் வினாவுக்குத் தமிழில் விடை இல்லையா? உண்டு. பத்துமலையின் 272 படிகளையும் படிக்குப் படி நின்று ஏறுபவனுக்கு வியர்வை குறைவு. நில்லாது ஏறுபவனுக்கோ உடல் கொதிக்கும். பழைய வன்தட்டு மெதுவாகத் தரவு தந்ததால் மையச் செயலகம் காத்துக் காத்து இளைப்பாறியது. இப்போது காத்திருப்பு இல்லை. உழைப்பு மிகுந்தது, வெப்பமும் மிகுந்தது. இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினால், புதுப்பிப்பும் கோப்புகளை அட்டவணைப்படுத்தும் பணியும் பின்னணியில் நெடுநேரம் நடைபெறும். அவை முடிந்ததும் சூடு தணியும். என்.வி.எம்.இ. வகைத் தட்டாயின் அதன் கட்டுப்பாட்டுச் சில்லே வெப்பம் உமிழும். அளவு மீறினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இவற்றோடு, மூடியைக் கழற்றி மாட்டுகையில் விசிறியின் இணைப்பு தளர்ந்திருக்கலாம். காற்றுவழியைத் தூசு அடைத்திருக்கலாம்.

நோயை ஆய்ந்து, அதன் காரணத்தை ஆய்ந்து, பின்னரே மருந்து தேடுக என்பது வள்ளுவர் வகுத்த நெறி. அதனை மனப்பாடம் செய்விக்கும் நாமே காரணம் தேடாது கடைக்கு ஓடினால், குறள் நம் நாவில் மட்டுமே வாழ்கிறது என்றுதானே பொருள்?

"இலக்கணம் கற்பிப்போர்க்கு இவ்வேலை எதற்கு?" எனச் சிலர் வினவுவர். 1980களில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கிக் கணினியில் தமிழை நடமாட விட்டது இதே மலேசிய மண்ணில்தான். அவரும் இப்படி ஒதுங்கியிருந்தால் நம் வினாத்தாள்கள் எவ்வாறு அச்சேறியிருக்கும்? கருவியை அறியாதவன் அதில் வாழும் மொழியைக் காக்க இயலாது.

மறுநாள் அம்மாணவியை அழைத்தேன். மின்னிணைப்பை நீக்கி, கணினியை அணைத்து, மூடியைத் திறந்து மின்கலத்தின் இணைப்பையும் கழற்றினோம். விசிறியின் வாயில் பஞ்சுபோல் தூசு அடர்ந்திருந்தது. மென்தூரிகையால் அகற்றினோம். விசிறியின் ஓலம் அடங்கியது. புதுத்தட்டு குற்றமற்றது. குற்றவாளி தூசு, அதனைப் பல்லாண்டு பாராதிருந்த நாமும் உடந்தை.

"அவ்வளவுதானா, ஐயா?" என்றாள் அவள். ஆம், அவ்வளவுதான். அவ்வளவைச் சொல்லத்தான் ஒரு நாள் முழுதும் அஞ்சினேன். நீங்கள் அஞ்சாதீர், மூடியைத் திறவுங்கள், மாணவர் கண்முன், தமிழில்!