முதல் விற்பனை யார் கையில்?

மாற்றுப் பொருளாதாரம் என்ற தொடர், சந்தையிலிருந்து விலகி வாழும் சிறு குழுக்களையும், அவை தமக்குள் புழங்கும் உள்ளூர்ப் பணத்தையும், பண்டமாற்று முயற்சிகளையும் குறிக்கவே பெரும்பாலும் எடுத்தாளப்படுகிறது. சந்தையை விட்டு விலகும் வசதியே இல்லாத உழைப்பாளிகள், அதற்குள் நின்றுகொண்டே பங்கு, கடன், விலை ஆகிய மூன்றின் விதிகளையும் தம் கைக்குக் கொண்டுவர மேற்கொள்ளும் முயற்சிகள் அந்த அளவுக்குக் கவனம் பெறுவதில்லை. காவிரிக் கடைமடையில், மூன்று பக்கம் தமிழ்நாட்டு மாவட்டங்களும் ஒரு பக்கம் கடலும் சூழக் கிடக்கும் காரைக்கால், இத்தகைய முயற்சிகளின் வலிமையையும் வரம்பையும் ஒருசேர ஆராய்வதற்கு ஏற்ற களமாகும்.

1739இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்த காரைக்கால், ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரியிலிருந்து இன்றும் ஆளப்படுகிறது. ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்பில், 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இரண்டு லட்சம் பேர் வாழும் இம்மாவட்டத்தின் மையநீரோட்டப் பொருளாதாரத்தை நான்கு தூண்களாகப் பிரித்துக் கூறலாம். 2009இல் இயங்கத் தொடங்கி, நிலக்கரியையே பெரிதும் கையாண்டு, 2023இல் அதானி குழுமத்தின் வசமான துறைமுகம். எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகத்தின் கிணறுகள். திருநள்ளாற்றுக்கு வரும் பக்தர் கூட்டம். இரு அரசுகளின் வரி வேறுபாட்டால் செழிக்கும் மதுக்கடைகள். இந்த நான்கிலும் பெரும்பணம் புரண்டாலும், அதன் போக்கைத் தீர்மானிக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை ஊருக்கு வெளியே எடுக்கப்படுகின்றன. மாறாக, மீன்பிடிப்பிலும் நெல் சாகுபடியிலும் ஊரார் தாமே வகுத்துக்கொண்ட விதிகள், தேய்ந்த நிலையிலேனும், இன்னும் உயிர்ப்போடு உள்ளன.

இவ்விதிகளை மதிப்பிட ஓர் அளவுகோல் தேவை. அதைத் தந்தவர் இதே படுகையின் தலைநகரான தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பா. லண்டனில் கணக்காயர் பயிற்சியும் அமெரிக்காவில் பொருளியல் கல்வியும் பெற்று, 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தை வழிநடத்திய அவர், பொருளாதாரங்களை அவற்றின் அளவைக்கொண்டு வகைப்படுத்தவில்லை. எடுப்பவர் கொடுப்பவருக்கு எதைத் திருப்பித் தருகிறார் என்பதைக்கொண்டே வகைப்படுத்தினார். எதையும் திருப்பித் தராமல் உறிஞ்சும் ஒட்டுண்ணி நிலையிலிருந்து, பிறர் நலனுக்காக உழைக்கும் தொண்டு நிலை வரை அவர் வகுத்த படிநிலை, காரைக்கால் கடற்கரையின் கணக்குகளைப் படிக்கவும் உதவுகிறது.

பங்கு முறையின் கணக்கு

கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, காசாக்குடிமேடு, பட்டினச்சேரி முதலிய மீனவக் கிராமங்களில், கடலுக்குச் செல்பவர் பொதுவாக நாள்கூலி பெறுவதில்லை. பிடித்த மீனின் விற்பனைத் தொகையிலிருந்து டீசல், பனிக்கட்டி, சாப்பாடு ஆகியவற்றின் செலவை முதலில் கழித்துவிட்டு, எஞ்சியதைப் படகுக்கும் வலைக்கும் இயந்திரத்துக்கும் சில பங்குகள், கடலுக்குப் போன ஆட்களுக்குத் தலைக்கு ஒரு பங்கு என்று பிரிப்பதே பங்கு முறை எனப்படுவது. கறிக்கு எடுத்துக்கொள்ளும் மீன் இக்கணக்கில் சேர்வதில்லை. கடல் கொடுக்காத நாளின் இழப்பை முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்தே சுமக்க வேண்டியிருப்பதால், நிச்சயமற்ற தொழிலுக்குப் பொருத்தமான காப்பீட்டு ஏற்பாடாக இம்முறை நெடுங்காலம் விளங்கியது.

பங்கைப் பிரிக்கும் நெறிக்கு மேலாக, கடலைப் பயன்படுத்தும் நெறியையும் ஊர்ப் பஞ்சாயத்துகள் வகுத்துவந்தன. தலைக்கட்டு எனப்படும் குடும்ப அலகுக்கு இவ்வளவு என்று வரி திரட்டுவது, எந்த வலையை எப்போது விடலாம் என்று தீர்மானிப்பது, மீறுவோருக்குத் தண்டம் விதிப்பது ஆகியவை அவற்றின் பணிகள். சோழமண்டலக் கடற்கரையின் இப்பஞ்சாயத்துகளை ஆராய்ந்த நெதர்லாந்து ஆய்வாளர் மார்ட்டன் பாவிங்க், அரசின் மீன்வளச் சட்டத்துக்கு இணையாக இயங்கும் மற்றொரு சட்ட ஒழுங்காகவே இவற்றைக் கண்டார். பொதுவளத்தைப் பயன்படுத்துவோர் தாமே விதி வகுத்துக்கொண்டால் அவ்வளம் அழியாமல் நிலைக்கக்கூடும் என்று 1990இல் வெளியான தம் நூலில் நிறுவி, 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரோமின் கோட்பாட்டுக்கு இக்கரையின் நடைமுறை ஒரு சான்றாகும்.

கடன் என்னும் கண்ணி

எனினும், பங்கு எவ்வளவு நேர்மையாகப் பிரிக்கப்பட்டாலும், பிரிக்கப்படும் தொகையே குறைவாக இருந்தால் அந்நேர்மைக்குப் பொருளில்லை. கரைக்கு வந்த மீன் முதன்முதலாகக் கைமாறும் இடமே முதல் விற்பனை. படகு, வலை, இயந்திரம் ஆகியவற்றுக்கு வியாபாரியிடம் முன்பணம் பெற்றவர், மீனை அவரிடமோ அவர் சொல்லும் ஏலக்காரரிடமோதான் விற்றாக வேண்டும். தரகும் கழிவும் போக அவருக்குக் கிடைப்பது, ஏலத்தில் தடையின்றி விற்றால் கிடைக்கக்கூடியதைவிடக் குறைவு. இங்கே வட்டி என்ற பெயரில் எதுவும் வாங்கப்படாமல் இருக்கலாம். விலையைக் குறைத்தே வட்டி வசூலாகிவிடுகிறது.

இந்தக் கண்ணியை அறுப்பதையே நோக்கமாகக் கொண்டு, கேரளத்தின் தென்பகுதியிலும் குமரி மாவட்டத்திலும் வேர்கொண்டு 1980இல் உருவானது தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு. கிராமச் சங்கம், மாவட்டக் கூட்டமைப்பு, தலைமை அமைப்பு என்று மூன்றடுக்கில் இயங்கும் இதில், உறுப்பினரின் மீனைக் கிராமச் சங்கமே ஏலம் விடுகிறது. விற்பனைத் தொகையில் ஒரு சிறு பகுதி சேமிப்புக்கும் கடன் தவணைக்கும் பிடிக்கப்படுகிறது. மீன் அதிகம் கிடைத்த நாளில் தவணையும் கூடி, கிடைக்காத நாளில் தவணையே இல்லாமல் போவதால், கடலின் ஏற்ற இறக்கத்தோடு கடனும் ஒத்துப்போகிறது. மாதத் தவணையை நாள் தவறாமல் கேட்கும் வங்கிக்கும், தினமும் வாசலில் வந்து நிற்கும் தண்டல்காரருக்கும் இயலாத நெகிழ்வு இது. விற்பனை, சேமிப்பு, கடன் ஆகிய மூன்றையும் ஒரே அமைப்பில் பிணைத்ததுதான் இதன் நுட்பம்; மூன்றையும் மூன்று துறைகளிடம் பிரித்துக் கொடுத்த அரசுக் கூட்டுறவுச் சங்கங்கள் பலவற்றால் நிவாரண விநியோகத்தைத் தாண்டி வளர முடியாமற்போனதற்கும் இதுவே விளக்கம்.

இரட்டிப்பாகும் விதை

கடலுக்கு மீன் எப்படியோ அப்படி வயலுக்கு விதை. காரைக்காலுக்குத் தெற்கே, திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரங்கத்தில், இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வாரின் வழிகாட்டலில் ‘நெல்’ ஜெயராமன் ஆண்டுதோறும் நடத்திய நெல் திருவிழா, எளிய ஒரு விதியின்மேல் நின்றது: 2 கிலோ விதைநெல்லை இலவசமாகப் பெறும் உழவர், மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018 டிசம்பரில் மறைந்த ஜெயராமன் மீட்டெடுத்த 174 பாரம்பரிய நெல் வகைகள், இவ்வாறு ஆயிரக்கணக்கான உழவர்களின் வயல்களுக்குச் சென்றன.

பெற்றதைப்போல் இரு மடங்கு தர வேண்டும் என்ற இவ்விதி, எண்ணளவில் நூற்றுக்கு நூறு வட்டிதான். ஆனால் கூடுதலாக வரும் நெல் கொடுத்தவரிடம் தங்காமல் மற்றோர் உழவரின் நாற்றங்காலுக்குப் போய்விடுவதால், அவ்வட்டி செல்வமாகக் குவிவதற்கு வழியில்லை. குமரப்பாவின் படிநிலையில் இதற்கு உயரிய இடமே கிடைக்கும். 2004 சுனாமியின்போது கடல்நீர் புகுந்து உவர்ப்பேறிய வயல்களுக்கு, உப்பைத் தாங்கி வளரும் குழியடிச்சான் போன்ற வகைகள் பொருந்தின என்பதால், இதைப் பழம்பெருமை என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

அதே வேளையில், இம்முயற்சியின் வரம்பும் தெளிவானது. மாப்பிள்ளைச் சம்பா போன்ற நீண்டகால வகைகளுக்கு ஏறத்தாழ 160 நாள்கள் நீர் வேண்டும். கடைமடையில் அந்த நீர் உறுதியில்லை. விளைச்சல் குறைந்தாலும் குத்தகை குறையாது என்ற நிலையில் உள்ள குத்தகை உழவருக்கு இத்தகைய சோதனையில் இறங்கும் துணிவு எளிதில் வாராது. பாரம்பரிய அரிசிக்கு நகரத்து அங்காடிகளில் கிடைக்கும் உயர்விலை, நாற்று நட்ட பெண்ணின் கூலியில் எதிரொலிப்பதுமில்லை. விதை பொதுவுடைமையாகலாம், நிலமும் விற்பனையும் அவ்வாறு ஆகாதவரை பயன் பாதிவழியில் நின்றுவிடும்.

எல்லைக் கோடும் உள்ளூர் விதியும்

இத்தகைய முயற்சிகளுக்குக் காரைக்காலில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. கடலும் ஆறும் ஒன்றாக இருக்க, அரசுகள் இரண்டாக உள்ளன. காவிரி நடுவர் மன்றத்தின் 2007ஆம் ஆண்டு இறுதித் தீர்ப்பு புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டிஎம்சி நீர், தமிழ்நாட்டின் ஆறுகள் வழியாகத்தான் காரைக்காலை வந்தடைய வேண்டும். தமிழ்நாட்டு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நெல் கொள்முதல் நிலையம் பக்கத்து ஊரில் இருந்தாலும், காரைக்கால் உழவர் அதன் பயனாளி ஆகமாட்டார். கட்டாயக் கடன் வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு 2025இல் இயற்றிய சட்டம், அதன் எல்லையோடு நின்றுவிடுகிறது. விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இரு பக்கமும் ஒன்றாயினும், நிவாரணத் தொகையை ஒவ்வோர் அரசும் தனித்தனியே அறிவிக்கிறது.

உணவு வழங்கலில் இவ்வேறுபாடு மிகக் கூர்மையாக வெளிப்பட்டது. 2015 செப்டம்பரில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் உணவு மானியம் பணமாக வங்கிக் கணக்கில் செலுத்தப்படலாயிற்று. நியாய விலைக் கடைகள் பல ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2024 அக்டோபரில்தான் மீண்டும் திறக்கப்பட்டன. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் அரிசி தடையின்றி வழங்கப்பட்டுவந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டால் நிறுவனம் தேவையில்லை என்ற மையநீரோட்டக் கருத்தைச் சோதித்த இந்த நடவடிக்கை, கடை மூடப்படும்போது ஏழையின் கையிலிருந்து அரிசியோடு சேர்ந்து, வெளிச்சந்தை விலையிலிருந்து அவருக்கு இருந்த பாதுகாப்பும் போய்விடுகிறது என்பதைக் காட்டிற்று.

இரு அரசுகள் பிரித்த கரையை ஊரார் அமைப்புகள் ஓரளவு இணைத்தே வைத்துள்ளன. நாகப்பட்டினம், மயிலாடுதுறை, காரைக்கால் கடலோரக் கிராமங்களின் பஞ்சாயத்தார் பொதுப் பிரச்சினைகளுக்காக ஒன்றுகூடி முடிவெடுப்பதுண்டு. ஆனால், மீன்கூட்டத்தைப் பெருவலையால் சுற்றி வளைத்து அடியை இறுக்கும் சுருக்குமடி வலை இவ்வொற்றுமையைப் பிளந்துவிட்டது. அவ்வலையில் பெரும் முதல் போட்ட கிராமங்களும், அதனால் மீன்வளம் குன்றும் என்று அஞ்சும் கிராமங்களும் எதிரெதிராக நிற்க, தமிழ்நாடு 2000இலேயே விதித்த தடை நீதிமன்றம் வரை சென்றது. 12 கடல்மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரு நாள்களில் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை இவ்வலைக்கு உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இடைக்கால அனுமதி அளித்தது. ஊர்ப் பஞ்சாயத்து தீர்க்க வேண்டிய வழக்கு டெல்லிக்குப் போனதற்குக் காரணம் பஞ்சாயத்தின் பழமையன்று. முதலின் அளவு ஊரின் அளவைத் தாண்டியதே ஆகும்.

உறுப்பினர் யார் என்னும் கேள்வி

பொதுவளத்தைக் காக்கும் அமைப்புக்கு யார் உறுப்பினர் என்ற எல்லை தெளிவாக இருக்க வேண்டும் என்பது ஆஸ்ட்ரோம் கூறிய முதல் நிபந்தனை. அந்த எல்லையே அநீதியின் கருவியாகவும் மாறக்கூடும் என்பதை 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிந்தைய மாதங்கள் புலப்படுத்தின. நிவாரணம் ஊர்ப் பஞ்சாயத்தின் தலைக்கட்டுக் கணக்குப்படி பகிரப்பட்ட இடங்களில் அது விரைவாகச் சென்றடைந்தது. அதே கணக்கில் இடமில்லாத கைம்பெண்களும், கூடைமீன் விற்கும் பெண்களும், கடலோரத்தில் கூலிவேலை செய்த தலித் குடும்பங்களும் பின்தள்ளப்பட்டனர். படகு இழந்தோருக்கெல்லாம், சில இடங்களில் இழக்காதோருக்கும், ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. கூலியாள் முதலாளியானதை முன்னேற்றமாகக் கொண்டாலும், அதே கடலில் படகுகள் பெருகியதால் ஒவ்வொரு பங்கும் சுருங்கியது.

இதற்கு எதிர்முனையில் நிற்கும் முன்மாதிரியும் இப்படுகையிலேயே உண்டு. 1968இல் 44 பேர் எரிக்கப்பட்ட கீழவெண்மணியின் சூழலில் பணியாற்றிய கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையர் 1981இல் தொடங்கிய ‘லாஃப்டி’ அமைப்பு, நிலவுடைமையாளரிடமிருந்து விலை பேசி நிலத்தை வாங்கி, நிலமற்ற தலித் பெண்களின் பெயரில் பதிவு செய்தது. ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான், கடலோர விளைநிலத்தையும் குடிநீரையும் கெடுத்த இறால் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. உறுப்பினர் எல்லையைக் கடைநிலையில் இருப்பவரிடமிருந்து தொடங்கி வரைந்ததே இம்முயற்சியின் தனித்தன்மை.

செய்யத்தக்கவை

இவற்றிலிருந்து பெறப்படும் கொள்கை முடிவுகள் மூன்று. முதலாவதாக, காரைக்கால் கரையின் ஏலக்கூடங்களை மீனவர் சங்கங்களே நடத்தவும், முன்பணக் கடனை அடைத்து வெளியேறுவதற்கான நிதியை அச்சங்கங்கள் வழியாகவே வழங்கவும் வழி செய்யப்பட வேண்டும். அச்சங்கங்களின் நிர்வாகத்தில் மீன் விற்கும் பெண்களுக்கு வாக்குரிமையுடன் கூடிய இடம் நிபந்தனையாக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, மீண்டும் திறக்கப்பட்ட நியாய விலைக் கடைகளுக்கும் பள்ளி மதிய உணவுக்கும் தேவைப்படும் அரிசியில் ஒரு பகுதியைக் காரைக்கால் உழவர் குழுக்களிடமிருந்தே, குத்தகை உழவரையும் பதிவு செய்து, முன்கூட்டி அறிவித்த விலையில் வாங்கலாம். மூன்றாவதாக, கடலையும் ஆற்றையும் கூட்டாக ஆளும் நிலையான மன்றம் ஒன்றைப் புதுச்சேரியும் தமிழ்நாடும் அமைத்து, அதில் ஊர்ப் பஞ்சாயத்துகளோடு, இதுவரை அவற்றில் குரலற்றிருந்தோரையும் அமர்த்த வேண்டும்.

மக்கள் தாமாக உருவாக்கிய அமைப்புகளை நிவாரணம் வழங்கும் கையாட்களாக மட்டும் பயன்படுத்தும் வழக்கத்தை அரசுகள் கைவிடாதவரை, மாற்று என்பது பேரிடர்க் காலத்துத் துணையாக மட்டுமே எஞ்சும். விலையையும் கடனையும் தீர்மானிக்கும் அதிகாரத்தில் ஒரு பகுதியை அவற்றிடம் ஒப்படைக்கவும், அவ்வதிகாரம் ஊரின் பெரியவர்களிடமே தேங்கிவிடாதபடி உறுப்பினர் உரிமையை விரிவாக்கவும் முன்வந்தால், துறைமுகமும் எண்ணெய்க் கிணறும் ஈட்டித் தராத ஒன்றைக் காரைக்கால் ஈட்ட முடியும்: தன் உழைப்பின் முதல் விலையைத் தானே சொல்லும் உரிமை.