சுவிட்சர்லாந்து: ஒரு நாடு, மூன்று விளம்பரச் சந்தைகள்

சுவிட்சர்லாந்து முழுவதும் ஒரு சோப்பை விற்க நினைக்கும் கம்பெனி, அதே விளம்பரத்தை மூன்று மொழிகளில் தயாரிக்க வேண்டும். மக்கள்தொகை சுமார் 90 லட்சம்தான். அதில் ஜெர்மன் பேசுவோர் ஏறக்குறைய 62 சதவீதம், பிரெஞ்சு பேசுவோர் 23, இத்தாலியன் பேசுவோர் 8. நான்காவது தேசிய மொழியான ரோமான்ஷ் பேசுவோர் அரை சதவீதம்தான். அவர்களுக்கு ஜெர்மனும் தெரியும் என்பதால் ரோமான்ஷில் விளம்பரம் செய்யப் பெரும்பாலும் யாரும் மெனக்கெடுவதில்லை.

மக்கள் கையில் பணம் தாராளமாகப் புழங்கும் நாடு என்பதால் விளம்பரதாரர்களுக்கு இது நல்ல சந்தை. ஆனால் அந்த விளம்பரப் பணம் எங்கே போகிறது? ஜெர்மனியின் ஆர்.டி.எல், பிரான்சின் எம்6 போன்ற சேனல்கள் எல்லைக்கு இப்பாலும் பார்க்கப்படுகின்றன. நிகழ்ச்சி அவர்களுடையது, இடைவேளையில் மட்டும் சுவிஸ் விளம்பரம் ஓடும். அந்தப் பணத்தில் சுவிஸ் செய்தி எதுவும் தயாராவதில்லை. மிச்சத்தில் கணிசமான பங்கைக் கூகுளும் ஃபேஸ்புக்கும் எடுத்துக்கொள்கின்றன.

விளைவு பத்திரிகைகளில் தெரிகிறது. பிரெஞ்சுப் பகுதியின் 'லெப்டோ' வார இதழ் 2017-ல் மூடப்பட்டது. 'லெ மத்தேன்' நாளிதழ் 2018-ல் அச்சை நிறுத்தியது. விளம்பரத்தை மட்டுமே நம்பி 1999-ல் தொடங்கி, ரயில் நிலையந்தோறும் இலவசமாகக் கிடைத்த '20 மினிட்டன்' நாளிதழும் 2025 இறுதியில் அச்சுக்கு விடை கொடுத்தது.

விளம்பரதாரர் தலைகளை எண்ணுகிறார். அது அவர் தொழில், அதில் தப்பில்லை. ஆனால் எந்த மொழியில் செய்தி வர வேண்டும் என்பதையும் அந்த எண்ணிக்கையே முடிவு செய்யலாமா? முடிவு செய்தால் ரோமான்ஷில் ஒரு செய்தி கூட வராது, இத்தாலியனில் கொஞ்சம் வரும்.

அப்படி நடக்காமல் இதுவரை காப்பது பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்.ஆர்.ஜி. 1931-ல் தொடங்கப்பட்ட இது நான்கு மொழிகளிலும் செய்தி தருகிறது. டி.வி.யில் விளம்பரம் உண்டு, வானொலியில் கிடையாது. முக்கிய வருமானம் ஒவ்வொரு வீடும் கட்டும் கட்டணம்தான். ஜெர்மன் பகுதி கட்டும் பணத்தில் ஒரு பகுதி மற்ற மொழிகளுக்குப் போகிறது. வெறும் 8 சதவீதம் பேர் பேசும் இத்தாலியனுக்கு, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கிடைக்கிறது. சந்தை செய்யாத வேலை இது.

இந்தக் கட்டணத்தையே ஒழிக்கலாமா என்று 2018-ல் வாக்கெடுப்பு நடந்தது. அப்போது ஆண்டுக் கட்டணம் 451 ஃபிராங்க். அப்படியிருந்தும் 71.6 சதவீதம் பேர் "ஒழிக்க வேண்டாம்" என்றார்கள். ஆனால் 2022 பிப்ரவரி 13-ல் பத்திரிகைகளுக்கும் இணைய ஊடகங்களுக்கும் கூடுதல் அரசு உதவி தரும் சட்டம் வாக்குக்கு வந்தபோது 54.6 சதவீதம் பேர் நிராகரித்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், சிறுவர்கள் கண்ணில் படும் புகையிலை விளம்பரங்களுக்கு அதே நாளில் தடை விதித்ததும் இதே வாக்காளர்கள்தான். விளம்பரச் சந்தைக்குக் கடிவாளம் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

அரசுப் பணம் வாங்கும் பத்திரிகை அரசைக் கேள்வி கேட்குமா என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் விளம்பரதாரரை மட்டும் நம்பும் பத்திரிகை அவரைக் கேள்வி கேட்டுவிடுமா? உதவியை ஆட்சியில் இருப்பவர்களின் கைக்கு எட்டாத விதிகளால் பங்கிடுவதுதான் வழி. எஸ்.ஆர்.ஜி. விஷயத்தில் ஏற்றுக்கொண்டதைப் பத்திரிகைக்கு மட்டும் மறுப்பது பொருந்தவில்லை.

ஆண்டுக்கு நான்கு முறை வரை மக்களிடமே சட்டங்களைப் பற்றி வாக்குக் கேட்கும் நாடு அது. மலைப் பள்ளத்தாக்கில் இருக்கும் வாக்காளருக்கும் வாக்குச் சீட்டு தபாலில் வந்துவிடும். அந்தச் சட்டத்தால் தன் ஊரில் என்ன மாறும் என்று விசாரித்து எழுத ஒரு நிருபர் வேண்டாமா? அந்த நிருபரின் சம்பளத்தை சோப்பு விளம்பரம் தராது.